கூடுகொம்பியின் ஒற்றைச் சொல்

சொற்களையும் கத்தரிக்காய் போலச் சாக்கில் கூறு கட்டி விற்ற காலம் அது. மாடும் பேசும், பாம்பும் பேசும், பருந்தும் பேசும். ஆனால் அவரவர் வாங்கிய சொல்லைத்தான் அவரவர் பேச முடியும். ஒரு சொல்லுக்கு ஒரு சொந்தக்காரர், ஒரு வேலை. இன்னொரு சங்கதியும் உண்டு. எந்தச் சொல் கையில் இல்லையோ அந்தச் செயலும் வராது. 'நீந்து' என்பதை வாங்காதவன் குளத்தில் இறங்கினால் அம்மிக்கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துவிடுவான்.

போ, வா, தின், தூங்கு, இந்த நான்கும் எல்லோருக்கும் இலவசம். மற்றதெல்லாம் சந்தையில் வாங்க வேண்டும்.

படைத்தவர் கடை விரித்த அன்று எல்லோரும் முண்டியடித்து வாங்கினார்கள். பருந்து 'பற' என்பதைக் கொத்திக்கொண்டு போனது. நாய் 'காவல்' வாங்கியது. கூடுகொம்பி என்ற எருமையும் அதே சந்தைக்குப் போயிருந்தாள். கொம்பு இரண்டும் உள்ளே வளைந்து நுனிகள் தொட்டுக்கொள்வதுபோல் இருக்கும், அதனால் அந்தப் பெயர். அவள் காலையிலேயே போய்விட்டாள். போய் என்ன செய்தாள்? பேரம் பேசினாள். 'பாடு' என்ற சொல்லைத் தூக்கிப் பார்த்து, "இதுக்குப் போய் ஒரு மழைக்கால உழைப்பா? பாதிக்குக் கொடு" என்றாள். கொடுக்கவில்லை. 'ஓடு' என்பதை முகர்ந்து பார்த்து, "சொத்தை" என்று போட்டுவிட்டாள். பொழுது சாய்ந்தது. சாக்கு காலி. அடியில் ஒரே ஒரு சொல் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"இது என்ன?"

"சுற்று. யாரும் வேண்டாம் என்று போனது."

"யாரும் வேண்டாம்னு போனதுக்கு முழு விலை கேட்டா எப்படி?"

படைத்தவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. "சும்மா எடுத்துக்கொண்டு போ தாயே" என்று சாக்கை உதறி மடித்துக்கொண்டார்.

சும்மா கிடைத்த சொல்தான். ஆனால் உலகத்தில் அது வேறு யாரிடமும் இல்லை. பருந்து பறந்தால் நேராகப் பறக்கும். மலை குறுக்கே வந்தால் அப்படியே பின்பக்கமாகப் பறந்து திரும்பும். நாய் வாசலில் உட்கார்ந்தால் வாசலுக்கு மட்டும்தான் காவல். கொல்லைப்பக்கம் போனதெல்லாம் போனதுதான். மலைப்பாம்பு உலக்கை மாதிரி நீட்டிக் கிடக்கும். வாய்க்கு நேரே எது நடந்து வருகிறதோ அதை விழுங்கும். பெரும்பாலும் எதுவும் வராது. பட்டினி.

கூடுகொம்பி ஒருத்திதான் சுற்றுவாள். அதனால் செக்கு ஆட்டும் சடையாண்டி அவளைத் தேடி வந்து அழைத்துப் போனான். செக்கில் கட்டினான், கண்ணுக்குப் பட்டை போட்டான். நாள் முழுக்க உரலைச் சுற்றினாள். ஊர் விளக்கெல்லாம் அவள் காலால்தான் எரிந்தது. அந்தச் சொல்லைக் கொஞ்சம் கொடேன் என்று யார் கேட்டாலும் அவள் பதில் ஒன்றுதான்:

"நீ என்ன கொடுப்பே?"

அவளுக்குத் தக்க விலையை எவனும் சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போது அவளுக்கு ஒரு கன்று பிறந்தது. கன்று பிறந்த ஏழாம் நாள், தாய் தன் சொல்லை அதன் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். எல்லா இனத்துக்கும் அதுதான் முறை. சொன்னபின் சொல்லில் கன்றுக்கும் பாதி பாத்தியதை வந்துவிடும். கூடுகொம்பி ஏழாம் நாள் யோசித்தாள். 'பால் குடிக்கிற பயலுக்கு இப்பவே எதுக்குச் சொத்து? இன்னும் நாலு நாள் போகட்டும்.' எட்டாம் நாளும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் விடியலில் அவளைச் செக்கில் பூட்டினார்கள். கன்று ஒரு வெட்டுக்கிளியைப் பார்த்து அதன் பின்னால் போனது. வெட்டுக்கிளி தத்தி எங்கோ போய்விட்டது. கன்று நேராகப் போய்க்கொண்டே இருந்தது. அதற்கு வேறு போக்குத் தெரியாது.

உச்சிப் பொழுதில் நாய் வந்து செக்கடியில் நின்றது. கூடுகொம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். நாயால் கூடவே நடந்து பேச முடியாது. அந்தச் சொல் அதனிடம் இல்லையே. அவள் ஒவ்வொரு முறை தன்னைக் கடக்கும்போதும் ஒரு வாக்கியம் சொல்லும், அவ்வளவுதான்.

"கொம்பியக்கா, உன் கன்று காலையில என் வாசல் வழியா மேற்கே போச்சு..."

அவள் கடந்து போய்விட்டாள். ஒரு சுற்று முடிந்து வந்தாள். மூச்சு அனலாக இருந்தது.

"பார்த்துக்கிட்டுச் சும்மாவா உட்கார்ந்திருந்தே, நாயே!"

போனாள். வந்தாள்.

"குலைச்சேன் அக்கா. அது நிக்கல. முன்னாடி போய் மறிக்கணும்னு மனசு அடிச்சுக்கிச்சு..."

போனாள். வந்தாள்.

"அதுக்குண்டான சொல் என்கிட்ட இல்லையே. பின்னாடியே போய்க் கத்தினேன், அது பயந்து இன்னும் வேகமாப் போச்சு."

மேற்கே ஏரி. ஏரிக்கரை தாண்டினால் உளைச்சேறு. இறங்கினால் ஏற முடியாத சேறு. கன்றுக்குச் சேற்றை விட்டு விலகிப் போகத் தெரியாது. திரும்பி வரவும் தெரியாது. ஏழாம் நாளே ஒரு வாய் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

கூடுகொம்பி நுகத்தை உதறினாள். செக்கு முழுதும் ஆடியது. செக்குப் பலகைமேல் பாரத்துக்கு உட்கார்ந்திருந்த சடையாண்டி கீழே விழப் பார்த்தான்.

"அவிழ்த்து விடு என்னை!"

"கொம்பி, எள்ளு பாதி நசுங்கிக் கிடக்கு. இப்ப நிறுத்தினா எண்ணெயும் ஆகாது, பிண்ணாக்கும் ஆகாது. ஊர் முழுக்க இருட்டுல கிடக்கும். எண்ணெய் பிரியட்டும், அடுத்த நொடி அவிழ்த்து விடுறேன். என் பிள்ளை மேல ஆணை."

"எப்பப் பிரியும்?"

"பொழுது சாயும்போது."

சேற்றில் இறங்கிய கன்றுக்குப் பொழுது சாயுமட்டும் ஏது அவகாசம்? அந்த நேரம் பார்த்து நரி வந்தது. தோளில் துண்டுபோல வாலை மடித்துப் போட்டிருந்தது. இந்த மாதிரி ஆட்களை எந்தச் சந்தையிலும் பார்க்கலாம். கஷ்டம் இருக்கிற வீடாகப் பார்த்து வந்து நிற்பார்கள், முகத்தில் இரக்கம் வழியும்.

அவள் கடந்து போகும்போது நரி அவள் முன்னங்கால் மேல் வாலைப் போட்டு மூடியது. வாலுக்கு அடியில், மாட்டுச் சந்தைத் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடிப்பதுபோல, குளம்பை அழுத்தியது. விலை பேசுகிறதாம்.

"எடுடா வாலை! எனக்கு விரலே ரெண்டுதான். வாயைத் திறந்து சொல்லு!"

"கன்றை நான் கொண்டாந்து தரேன் தாயி..." போனாள். வந்தாள். "உன் சொல்லை மொத்தமா எனக்கு எழுதிக் கொடுத்துடு." போனாள். வந்தாள். "அப்புறம் உனக்கு வேணும்னா என்கிட்ட கேட்டு வாங்கிக்க. உனக்கு இல்லாததா?"

கூடுகொம்பி அடுத்த சுற்றை மெதுவாக வந்தாள். யோசித்தாள். சொல்லை மொத்தமாகக் கொடுத்தால் உலகத்தில் மறுபடியும் ஒருவனிடம்தான் அது இருக்கும். முன்னே எருமை, இப்போது நரி. நாளைக்கு வேறொருத்தியின் கன்று இதே வழியில் போகும்; நாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"உனக்கு மொத்தமாக் கொடுக்கிறதுக்கு நான் சில்லறையா எல்லாருக்கும் கொடுப்பேன். போடா அந்தப் பக்கம்!"

"விதி தெரியுமா உனக்கு? ஒரு சொல்லு, ஒரு ஆளு, ஒரு வேலை!"

"விதியைக் கொண்டாந்து என் கன்றைத் தூக்கச் சொல்லு."

நரி நகரவில்லை. வேடிக்கை பார்க்கத் தோதாகப் பிண்ணாக்குக் குவியலுக்கு அருகே உட்கார்ந்துகொண்டது.

கூடுகொம்பி கத்தினாள்: "நாயே, காதைக் கொண்டா! பனைமேல இருக்கிற பருந்தே, இறங்கி வா!" அவள் சுற்றி வரும் வழியில் இருவரும் தலையை நீட்டி நின்றார்கள். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு தடவை சொன்னாள். மூன்று சுற்றில் மூன்று முறை.

"கடன்தான் இது. பொழுது சாய்றதுக்குள்ள கசங்காம என் கைக்கு வரணும்."

பருந்து எழும்பியது. பழக்கதோஷத்தில் நேராகப் பனை உயரம் போனது. அப்புறம் ஒரு சிறகைத் தாழ்த்திப் பார்த்தது. வானம் மெல்லத் திரும்பியது. ஏரி, கரை, வயல், ஊர், மறுபடி ஏரி. "அடேயப்பா!" என்று அது கத்தியது செக்கடி வரைக்கும் கேட்டது. இரண்டாம் வட்டத்தில் கீழே ஒரு கறுப்புப் புள்ளியைக் கண்டது. கன்று வயிறு வரைக்கும் சேற்றில் நின்றது. கரையில் ஒரு கழுதைப்புலி, அவசரமே இல்லாமல், காலை நக்கிக்கொண்டு காத்திருந்தது. பருந்து அந்த இடத்துக்கு நேர் மேலே சுற்றிச் சுற்றி அடையாளம் காட்டியது.

நாய் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "அக்கா, இடம் தெரிஞ்சிடுச்சு. ஆனா சேத்துல இருந்து தூக்க எனக்குப் பலம் இல்லை."

பலம் உள்ளவன் ஒருவன் பக்கத்திலேயே இருந்தான். பிண்ணாக்குத் தின்ன வரும் எலிக்காக, புளியமரத்தடியில் வாயைத் திறந்து உலக்கையாகக் கிடந்தான் மலைப்பாம்பு. மூன்று வாரமாக ஒரு எலியும் வாய்க்கு நேரே வரவில்லை.

கூடுகொம்பி புளியமரப் பக்கம் தலையைத் திருப்பினாள். சடையாண்டிகூட "வேண்டாம் கொம்பி" என்றான். கன்றைக் காப்பாற்றப் பசித்த பாம்பையா அனுப்புவது? அதுவும் இந்தச் சொல்லைக் கொடுத்தா?

அவள் கண்பட்டைக்கு அடியிலிருந்து நீர் வழிந்தது. குரல் மட்டும் இறங்கவில்லை.

"ஏய் பாம்பு. என் சொல்லைத் தர்றேன். அதை வச்சு நீ ஆயுசுக்கும் பசி இல்லாமப் பிழைச்சுக்கலாம். என் கன்று முழுசா வரணும். சம்மதமா?"

போனாள். வந்தாள்.

"வழியிலே எனக்குப் பசி எடுத்தா?" என்றது பாம்பு. பொய் சொல்லத் தெரியாத பிராணி.

போனாள். வந்தாள்.

"எடுக்கும். எடுத்தாலும் முழுசா வரணும்."

அடுத்த சுற்று வரும்வரை பாம்பு யோசித்தது. பிறகு, "சரி. பேசினா பேசினதுதான்" என்றது.

சொல்லைப் போடப் பாம்புக்கு வெளியே தெரிகிற காது ஏது? அவள் குளம்பால் தரையில் தட்டித் தட்டிச் சொன்னாள், மூன்று சுற்றில் மூன்று முறை. பாம்பின் உடல் நெடுக ஒரு நடுக்கம் ஓடியது. முதன்முதலாக அது வளைந்தது. வளைந்து, நெளிந்து, வரப்புகளுக்கு ஊடே மேற்கே பாய்ந்தது.

நாய் முன்னால் போனது. ஏரிக்கரையில் கழுதைப்புலியைப் பார்த்ததும் நின்றது. ஒரு நாய் ஒரு பக்கம்தான் நிற்க முடியும். அது ஊருக்குள் திரும்பிப் போய், தெருத்தெருவாக நுழைந்து, பார்த்த நாயின் காதிலெல்லாம் அந்தச் சொல்லைப் போட்டது. யாரைக் கேட்டுக் கொடுத்தது? யாரையும் கேட்கவில்லை. பதினேழு நாய்கள் கரைக்கு வந்து கழுதைப்புலியை நாலு பக்கமும் சுற்றிக்கொண்டன. இதுவரை எந்தப் பிராணியும் இன்னொன்றைச் சூழ்ந்து நின்றதே இல்லை. கழுதைப்புலி தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் பல். வந்த வழியே போகலாம் என்று பார்த்தால் அங்கேயும் பல். ஒரு இடைவெளி கிடைத்ததும் அது எடுத்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை.

பாம்பு வாலைக் கரையில் நின்ற மருதமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றியது. உடலை நீட்டிக் கன்றின் வயிற்றில் இரண்டு சுற்றுச் சுற்றியது. இழுத்தது. சேறு விடவில்லை. இன்னும் இறுக்கியது. கன்றின் சூடு அதன் உடம்பில் ஏறியது. பால் வாசனை. மூன்று வாரப் பசி. பாம்பின் வாய் தானாகத் திறந்ததைப் பதினேழு நாய்களும் பார்த்தன.  

"அம்மா" என்றது கன்று.

பாம்பு வாயை மூடியது. கண்ணையும் மூடியது. ஒரே இழுப்பு. சேறு பெரிய சத்தத்தோடு கன்றைத் துப்பியது.

செக்கடியில் எண்ணெய் பிரிந்தது. சடையாண்டி குதித்திறங்கி நுகத்தை அவிழ்த்தான், கண்பட்டையை எடுத்தான். வெளிச்சம் கூசியது. கூசிய கண்ணுக்கு முன்னால் சேறு பூசிய ஒரு சின்ன உருவம் நின்றது. நக்கினாள். காதை நக்கினாள், மூக்கை நக்கினாள், சேற்றோடு விழுங்கினாள்.

பிறகுதான் தலை நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் பழைய கொம்பி.

"சரி. பொழுது சாஞ்சாச்சு. கொண்டா என் சொல்லை."

ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். அவள் வாங்கிப் பார்த்தாள்; முகம் மாறியது.

"என்னடா இது? பருந்துகிட்ட கொடுத்தது காத்து வாசனை அடிக்குது. பாம்புகிட்ட கொடுத்தது கயிறாட்டம் முறுக்கிக் கிடக்கு. நாயே, உன்கிட்ட ஒண்ணுதானே கொடுத்தேன்? இதுல பதினேழு வாய் எச்சில் இருக்கு!"

நாய் வாலைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டது. "ஊரெல்லாம் சுத்தி ஆள் சேர்த்தேன் அக்கா. ஒத்தை ஆளா நின்னிருந்தா கன்று வந்திருக்காது."

"அதான் நான் சொன்னேன்!" என்று நரி துள்ளியது. "ஒரு சொல்லுக்கு ஒரு வேலை. இப்ப பாரு, பறக்கிறதும் அதுதான், கட்டுறதும் அதுதான், அலையறதும் அதுதான், சூழறதும் அதுதான். கெட்டுப்போன சரக்கு! என்கிட்ட தள்ளிவிடு, பாதி விலைக்கு எடுத்துக்கிறேன்."

கூடுகொம்பி குனிந்து, இரண்டு நாள் தாமதித்ததைச் செய்தாள். கன்றின் காதில் மூன்று முறை சொன்னாள்.

கன்று நின்றது. காதை ஆட்டியது. தாயைச் சுற்றி ஒரு வட்டம் போனது. இன்னொன்று. இன்னொன்று. பன்னிரண்டாவது சுற்றில் கால் பின்னிக்கொண்டு பொத்தென்று விழுந்தது.

"அம்மா, தலை சுத்துதும்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். பாம்புகூட, அதற்குத் தெரிந்த அளவில். ஓடுவதும் பறப்பதும் இல்லாமல் கிடந்த இடத்திலேயே கிடந்துகொண்டு இந்தப் பொடியன் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் கொடுத்துவிட்டானே! கூடுகொம்பி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

சிரித்து ஓய்ந்து அவர்களைப் பார்த்தாள். சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் பருந்தின் சிறகு மறுபடி அம்பு மாதிரி விறைத்திருந்தது. பாம்பு உலக்கையாகிக்கொண்டிருந்தது, பசியோடு. நாய் வாசல் பக்கம் மட்டும் பார்த்தது. காலையில் இதே நாய்தான் அவள் கன்றைப் பார்த்தும் மறிக்க முடியாமல் கத்தியது. அந்தக் கன்று சேற்றுக்குப் போனது நாயாலா, அவள் சொல்லைக் கொடுக்காமல் பூட்டி வைத்ததாலா?

"திரும்ப எடுத்துக்கங்க" என்றாள்.

"அக்கா?"

"எடுத்துக்கங்கடா. எனக்கு இருந்தது இருக்கு. நாளைக்கு யார் கன்றோ போகும், நீங்க யாராவது மறிக்கணும். ஆனா சும்மா தரமாட்டேன். ஒரு கண்டிஷன்."

பேரம் இல்லாமல் அவள் எதையும் கொடுத்ததில்லை. கடைசியாக ஒரு விலை சொன்னாள்:

"எந்த வேலைக்கு வேணும்னாலும் வச்சுக்கங்க. ஆனா நடுவுல ஒண்ணு இருக்கணும். எனக்குச் செக்கு உரல் இருந்தது. பருந்துக்கு, கீழே கன்று இருந்தது. பாம்புக்கு மரம். நடுவுல ஒண்ணும் இல்லாம எவன் இந்தச் சொல்லை எடுத்தாலும் அவன் எங்கேயும் போய்ச் சேரமாட்டான்."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சடையாண்டியும் தலையைச் சொறிந்துகொண்டு காதை நீட்டினான்; வாங்கிய கையோடு தோளில் கிடந்த துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டான். நரியும் இடித்துப் பிடித்து வந்து ஒரு வாய் வாங்கியது. நடுவில் வைக்க அதனிடம் எதுவும் இல்லை. அன்றிலிருந்து அது பேச ஆரம்பித்தால் சுற்றி வளைத்துக்கொண்டே போகும், விஷயத்துக்கு வராது.

இருட்டுவதற்குள் சடையாண்டி புது எண்ணெயில் ஒரு விளக்கு ஏற்றிக் கொண்டுவந்து வைத்தான். கன்று களைத்துப்போய்ப் படுத்தது. நாய்கள் பதினேழும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தரையில் சுருண்டன. பாம்பும் சுருண்டது, தலையை வெளிப்பக்கம் வைத்து. பருந்து கூரைமேல் இருந்தது. ஒன்றுக்கொன்று உறவில்லை, ஒரே இனமில்லை, நேற்றுவரை முகம் பார்த்துப் பேசினதில்லை. நடுவில் ஒரு கன்று தூங்கியது, அவ்வளவுதான். அப்படிக் கூடிக் கிடந்தவர்களை என்னவென்று அழைப்பது என்று கூடுகொம்பி அசைபோட்டபடி யோசித்தாள். அதற்கும் அதே சொல்லில் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தாள்.

அந்த அந்தியிலிருந்துதான் பருந்து வானத்தில் சுற்றுகிறது, நாய் ஒரு சுற்றுச் சுற்றாமல் படுப்பதில்லை, பாம்பு சுருண்டு கிடக்கிறது, ஊர் சுற்றுவதும் தலை சுற்றுவதும் ஒரே சொல்லால் ஆகிறது. ஆபத்தென்றால் நம்மை நடுவில் வைத்து நிற்க வருகிறவர்களுக்குச் சுற்றம் என்று பெயர்.